துடுப்பு பிடித்த துரைசானி

ரங்கூனில் சூலே பகோடாவிலிருந்து ஆற்றை நோக்கிப் போகும் தெருக்களில் ஒன்றில், மாடியில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. கல்யாண ஜோடிகள், கப்பலேறப் போகிறவர்கள், ஊரில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தன் முகத்தை அனுப்ப நினைக்கும் துறைமுகத் தொழிலாளிகள் என்று காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். படம் பிடிப்பது முதலாளி. இருட்டறையில் கழுவுவதும், புள்ளிகளையும் கீறல்களையும் மெல்லிய தூரிகையால் மறைப்பதும், கேட்பவர்களுக்கு வர்ணம் தீட்டிக் கொடுப்பதும் என் வேலை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ரங்கூனிலேயே கியாக்டடாப் பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவர் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் எல்லா வெள்ளைக்காரப் பெண்களையும் போல அவரையும் துரைசானி என்றே சொன்னோம். கையில் துணியில் சுற்றிய ஒரு ஆல்பம் வைத்திருந்தார்.

"இது என் ஊர். இந்தப் படங்களை மேஜிக் லாந்தருக்குக் கண்ணாடித் தகடுகளாகச் செய்து தர வேண்டும். வர்ணமும் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போது சினிமா வந்துவிட்டிருந்தாலும் மேஜிக் லாந்தருக்கு மவுசு குறையவில்லை. கண்ணாடியில் படத்தை எடுத்து, பின்னால் விளக்கை வைத்து, முன்னால் தொங்கும் வெள்ளைத் துணியில் பெரிதாக விழச் செய்வார்கள். ஒருவர் பக்கத்தில் நின்று பேசுவார். வெள்ளைக்காரப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடும் இடத்தில் தன் ஊரைப் பற்றிப் பேசும்படி அவரை அழைத்திருந்தார்கள்.

அந்த ஊரின் பெயரை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுத்தில் ஒன்றாகவும் வாயில் வேறொன்றாகவும் வரும் பெயர். தமிழில் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. விட்டுவிடுகிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு ஆற்றின் வளைவில் இருக்கும் ஊர். அவ்வளவு போதும்.

முதல் தகட்டில் ஆற்றுக்கு நான் நீல வர்ணம் தீட்டினேன். சீமை ஆறு நீலமாகத்தான் இருக்கும் என்று எனக்கு எண்ணம். மறுநாள் பார்க்க வந்தவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஜன்னலைக் காட்டினார்.

"அதோ உங்கள் ஆறு தெரிகிறதே, அந்த நிறம்தான். கடல் ஏறும்போது எங்கள் ஆறும் திரும்பி ஓடும். சேறு முழுவதும் கலங்கி மேலே வந்துவிடும். பால் குறைந்த தேநீர் மாதிரி இருக்கும்."

நீலத்தைத் துடைத்துவிட்டுப் பழுப்பைத் தீட்டினேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எந்தச் சுவர் என்ன நிறம், எந்தக் கூரை என்ன நிறம் என்று சொல்வார். நிறம் சொல்ல ஆரம்பித்தால் கதையும் கூட வரும். படகுகளின் பாய்களுக்குக் கருஞ்சிவப்பு. ஏன் என்று கேட்டேன். மரப்பட்டையை வேகவைத்த சாயத்தில் பாயை முக்கி எடுப்பார்களாம், உப்புக்காற்றில் இற்றுப்போகாமல் இருப்பதற்காக. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில் மீனவர்கள் வலைக்குப் பட்டைச் சாயம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, பட்டையை எவ்வளவு நேரம் வேகவைப்பார்கள் என்று விசாரித்தார்.

பாலத்தின் படம் பழையது. ஏழு வளைவுகள் உள்ள கல் பாலம். இரண்டாவது வளைவின் அடியில், தண்ணீர் மேல், அரிசி அளவுக்கு ஒரு கறை இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தூரிகையை எடுத்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

தூரிகையை வைத்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் லாந்தரை இயக்கப் போனவன் நான்தான். பெரிய ஹால், மின்சார விளக்கு, மேலே விசிறி. அன்று நல்ல மழை. நாற்காலிகளில் பாதி காலி. வந்திருந்தவர்களும் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பின்னால் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுதி வைத்திருந்ததை ஒழுங்காக வாசித்தார். முடிந்ததும் ஒரு பெண்மணி, அந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மாளிகை யாருடையது என்று கேட்டார். இவர் பதில் சொன்னார். இன்னொருவர், "உங்கள் குடும்பம் ஆற்றங்கரையில்தான் இருந்ததா?" என்று கேட்டார்.

"ஆமாம். ஆற்றை ஒட்டித்தான்" என்றார் இவர்.

தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் மழை விடுவதற்காக நின்றபோது, தமிழ்த் தொழிலாளிகள் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசகசாலையிலும் வந்து இதைப் பேச முடியுமா என்று கேட்டேன். எனக்கே என் துணிச்சல் ஆச்சரியமாக இருந்தது.

"என் ஊரைப் பற்றி அவர்கள் ஏன் கேட்க வேண்டும்?"

"அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஆற்றில் வேலை செய்கிறவர்கள்" என்றேன்.

குடையை விரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா?" என்று கேட்டார். சரி என்றேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவள் டாலாவில் பிறந்தவள். அவள் அப்பா டாலா கப்பல் பட்டறையில் கொல்லு வேலை செய்த தமிழர், அம்மா பர்மாக்காரி. ஆற்றைத் தாண்டி ரங்கூனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"நம்ம வாசகசாலை மாடிப்படியிலே துரைசானி ஏறுவாங்களா? மூணாவது படி ஆடுதுங்க."

"ஏறுவாங்க. நீயும் வந்து பாரு."

"வரேன். முதல்ல அந்தப் படிக்கு ஆணி அடிங்க" என்றாள்.

ஆணி அடித்தேன். எங்கள் வாசகசாலை ஒரு அரிசிக் கிடங்குக்கு மேலே இருந்தது. மரத் தரை, நாலு பெஞ்சு, சுவர் ஓரமாகப் பத்திரிகைகள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஜன்னல்களையெல்லாம் கோணிப்பைகளால் மறைத்து அறையை இருட்டாக்கினோம். மின்சாரம் கிடையாது, கார்பைடு விளக்குத்தான். அதன் வாடையும் கோணியின் தவிட்டு வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள், ரயில்வே ஆட்கள், முனிசிபாலிட்டி பியூன்கள். பின்னால் என் மனைவியும் இன்னும் சில பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தகடு மாற்றும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் துரைசானிக்கு அருகே நின்றுகொண்டேன்.

அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். அந்த ஊர் உண்டானதே ஆற்றைக் கடப்பதற்காகத்தான். அந்த வளைவில் தண்ணீர் ஆழமில்லாமல் இருந்ததால் மாட்டு மந்தைகளை அங்கே இறக்கி ஓட்டிப் போவார்களாம். மடத்துத் துறவிகள் மரப்பாலம் போட்டார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் போனது. அப்புறம்தான் கல் பாலம். ஆட்டு ரோமம் மூட்டை மூட்டையாகக் கடலுக்குப் போன காலம் ஒன்று, கோதுமையும் நிலக்கரியும் வந்து போன காலம் ஒன்று. மாதா கோயில் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஒரு கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். மிக உயரத்தில் உள்ள கோடு ஒரு ஆள் தலைக்கு மேலே ஒரு முழம்.

அந்தக் கோடுகளின் படம் துணியில் விழுந்தபோது எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ராஜா வந்ததையும் போனதையும் கல்லில் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வந்ததைக் கல்லில் வெட்டி, பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கும் ஊர் எனக்குப் புதிதாக இருந்தது.

பிறகு இன்றைய ஊர். ரயில் வந்த பிறகு படகுகள் குறைந்துவிட்டன. ஆற்றங்கரையில் விவசாய யந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை எழும்பியது. உலக யுத்தத்தின்போது ஆண்கள் போய்விட, பெண்கள் அங்கே கடைசல் யந்திரத்தில் நின்று வேலை செய்தார்கள். இறந்துபோன ஆண்களின் பெயர்கள் பாலத்தின் முனையில் ஒரு கல்லில் இருக்கின்றன. யுத்தம் முடிந்து பெண்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் சிலர் போக மறுத்து நின்றுவிட்டார்கள். இப்போது தெருவில் மின்சார விளக்கு, பாலத்தின் மேல் மோட்டார் பஸ், சனிக்கிழமைச் சந்தை, சினிமாக் கொட்டகை. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய நூலகம். மேயர் அங்கி போட்டுக்கொண்டு அதன் வாசலில் நிற்கும் படத்தோடு பேச்சு முடிந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது முன் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நெற்றியில் சங்கிலி அடித்த தழும்பு இருக்கும். எங்கள் வாசகசாலையில் யார் பேசினாலும் இவர் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மா. பாலம் பாத்தோம், கோயில் பாத்தோம், மேயரையும் பாத்தாச்சு. மூட்டை வந்துச்சு, மூட்டை போச்சுன்னு சொன்னீங்க. அதைத் தூக்குனது யாரு? ஒரு படத்திலயும் அந்த ஆளைக் காணோமே."

இதை எப்படி ஆங்கிலத்தில் மென்மையாகச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு உள்ளபடியே சொல்லிவிட்டேன்.

துரைசானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எழுதி வைத்திருந்த தாள்களை மேஜையில் கவிழ்த்தார். "பாலத்தின் படத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்" என்றார்.

படம் விழுந்தது. அவர் துணியின் அருகே போய், இரண்டாவது வளைவின் அடியில் இருந்த கறையைத் தொட்டுக் காட்டினார். துணியில் அது இப்போது ஒரு கை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. தட்டையான படகு. அதன் பின்பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்.

"இவர் தூக்கினார். இவர் என் அப்பா" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லத் தாமதித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் தாளைப் பார்க்கவில்லை. அப்பா படகுக்காரர். ஆழத்தில் நிற்கும் கப்பல்களிலிருந்து நிலக்கரியையும் கோதுமையையும் தன் படகில் ஏற்றிப் பாலத்தடிக்குக் கொண்டுவருவார். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகிலிருந்து கரைக்கு ஒற்றைப் பலகை போட்டு, மூட்டையை முதுகில் வைத்து நடப்பார். பனிக்காலத்தில் பலகையில் உறைபனி படிந்துவிடும், அதன் மேல் சாம்பலைத் தூவிக்கொண்டு நடப்பார். நாற்பது வயதில் முழங்கால் போய்விட்டது. அம்மா கிழிந்த கோணிகளைத் தைப்பவர். அந்த ஊர்ப் படகுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஆற்றங்கரையில் ஒரு வாசகசாலை வைத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் போன மகளான இவர், சாயங்காலங்களில் அவர்களுக்குப் பத்திரிகையை உரக்க வாசிப்பாராம். கப்பல்கள் எங்கெங்கே போகின்றன என்ற பகுதியைத்தான் அவர்கள் மறுபடி மறுபடி கேட்பார்களாம்.

"ரங்கூன் என்ற பெயரை நான் முதலில் வாசித்தது அங்கேதான்" என்றார்.

இதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இருந்த பெண்கள் எழுந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிரேன்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"சயாமா" என்றார். பர்மியர்கள் டீச்சரை அழைக்கும் சொல் அது. அன்றிலிருந்து எங்களில் யாரும் அவரைத் துரைசானி என்று கூப்பிடவில்லை. "உங்களுக்குப் படகு விடத் தெரியுமா?"

"தெரியும். ஆனால் துடுப்பைத் தொட்டு முப்பது வருஷம் ஆகிறது."

"நம்ம ஆத்திலே வந்து தொடுங்க" என்றார் அவர்.

அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் நாங்கள் துறையில் நின்றோம். சயாமா, கிரேன்காரர், என் மனைவி, நான். டாலாவில் என் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. மழை விட்டிருந்தது. ஆறு நிரம்பி, வற்றம் தொடங்கிக் கடலை நோக்கி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. சம்பான் படகுக்காரர் ஒரு சிட்டகாங்காரர், வெள்ளைத் தாடிக்காரர். ரங்கூன் சம்பான்களை ஓட்டுகிறவர்கள் பின்பக்கத்தில் நின்றபடி, போகும் திசையைப் பார்த்துக்கொண்டு துடுப்பைத் தள்ளுவார்கள். சயாமா கரையில் நின்று அதைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"எங்கள் ஊரில் உட்கார்ந்து, போகும் திசைக்கு முதுகைக் காட்டி இழுப்பார்கள். அப்பா மட்டும் பின்னால் நின்று ஒரே துடுப்பால்தான் தள்ளுவார்" என்றார்.

நடு ஆற்றுக்கு வந்ததும் கிரேன்காரர் ஹிந்துஸ்தானியில் படகுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். படகுக்காரர் சயாமாவின் காலணியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், முடியாது என்று தலையாட்டினார். சயாமா காலணிகளைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்தார். தொப்பியையும் கொடுத்தார். எழுந்து, படகு ஆடாதபடி நடுப்பலகையில் கால் வைத்துப் பின்னால் போனார். அந்த நடையைப் பார்த்ததும் படகுக்காரர் வழி விட்டார்.

முதல் நாலைந்து வீச்சு சரியாக விழவில்லை. துடுப்பு தண்ணீரின் மேல் வழுக்கியது. படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆற்றோடு போக ஆரம்பித்தது. நான் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். சயாமா உதட்டைக் கடித்துக்கொண்டு கால்களை அகட்டி வைத்தார். கைகளால் தள்ளுவதை விட்டு, உடம்பை முன்னும் பின்னும் சாய்க்க ஆரம்பித்தார். டாலாத் துறையை நோக்கி நேராகப் போகாமல், வெகுதூரம் மேலே ஒரு நெல் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துப் படகைத் திருப்பினார். நீரோட்டம் கீழே தள்ள, இவர் மேலே தள்ள, படகு குறுக்கே நழுவித் துறையை நெருங்கியது.

"பழக்கம் விட்டுப்போச்சு. ஆனா தெரிஞ்சவங்கதான்" என்றாள் என் மனைவி, சின்ன வயசிலிருந்து அந்த ஆற்றில் துடுப்பு போட்டவள்.

அந்த நேரத்தில் ஒரு மோட்டார் படகு எங்களைக் கடந்து போனது. அதில் வெள்ளை உடை அணிந்த துரைமார்களும் பெண்களும் இருந்தார்கள். ஒரு பெண்மணி எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் கையை நீட்டிக் காட்டினார். சயாமா அவர்களைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் மோட்டார் படகு கிளப்பிய அலை வந்துகொண்டிருந்தது. அதற்கு நேராக மூக்கைத் திருப்பி, அலை கடந்ததும் மறுபடி நெல் ஆலையைப் பிடித்தார்.

துறையில் இறங்கியபோது அவருடைய உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. படகுக்காரர் தன் துண்டில் ஒரு கீற்றைக் கிழித்துக் கொடுத்தார். சயாமா அதைச் சுற்றிக்கொண்டு அவருக்கு வணக்கம் சொன்னார். முகம் முழுக்க வியர்வை. ஸ்டூடியோவில் ஒரு தடவைகூட அவரை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மாமியார் பாய் விரித்து மொஹிங்கா பரிமாறினார். மீன் குழம்பு ஊற்றிய அந்த அரிசி நூடுல்ஸைச் சயாமா, காயம்பட்ட கையோடு கரண்டியைப் பிடித்து, இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மாமியார் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பர்மியில் ஏதோ கேட்டார். என் மனைவி தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஆற்றை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறார்."

சயாமா யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். "படிப்பு முடிந்ததும் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே வேலை கேட்டேன். படகுக்காரர் மகள் வேண்டாம் என்றார்கள். அது அந்தக் காலம். அதனால், அப்பா யார் என்று யாரும் கேட்காத தூரத்துக்கு வந்தேன். இங்கேயும் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்."

இது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பர்மிக்கும் போய்ச் சேர்ந்தது. மாமியார் எழுந்துபோய் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து அவருடைய உள்ளங்கைகளில் பூசிவிட்டார்.

மோட்டார் படகில் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள் சயாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவரே ஸ்டூடியோவுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"கூலிக்காரர்களோடு வெறுங்காலில் படகு ஓட்டியது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றேன். எங்கே கற்றீர்கள் என்றார்கள். என் அப்பாவிடம், அவர் படகுக்காரர் என்றேன்."

"அப்புறம்?"

"அதோடு விசாரணை முடிந்தது. பூகோளம் சொல்லிக் கொடுக்க வேறு ஆள் இல்லை. வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்."

வெள்ளைக்காரர்களின் தேநீர் அழைப்புகள் மட்டும் நின்றுபோயின. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வாசகசாலைக்கு வரத் தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் ஒரு ஆறு. எந்த மலையில் பிறக்கிறது, கரையில் என்ன ஊர்கள், யார் என்ன வேலை செய்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவார். கிரேன்காரருக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போகும். அப்படியும் அவர் எதையாவது கண்டுபிடித்துக் கேட்பார். இரண்டு வருஷம் இப்படி நடந்தது.

அவருடைய உத்தியோகம் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது என்னிடம் ஒரு உதவி கேட்டார். ரங்கூன் ஆற்றின் படங்கள் வேண்டும். அவருடைய ஊரில் போட்டுக் காட்ட வேண்டும். முதலாளி காமிராவைக் கொடுத்தார். ஒரு வாரம் நான் துறைமுகத்தில் அலைந்தேன். ஐராவதி நீராவிப் படகுகள், நெல் ஆலைகள், பலகையில் மூட்டையோடு நடக்கும் எங்கள் ஆட்கள், சிட்டகாங்காரப் படகுக்காரர். மாமியார் முகத்தில் தனக்காப் பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன் என்றார். கிரேன்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார்.

"கிரேன் சின்னதாத் தெரிஞ்சா போதும். நான் பெருசாத் தெரியணும்" என்றார்.

"நெத்தித் தழும்பை மறைச்சிடவா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அது இல்லாட்டி அங்க இருக்கவங்களுக்கு இவன் என்ன வேலை செய்யிறவன்னு எப்படித் தெரியும்?"

நான் தூரிகையைத் தொடவில்லை. தகடுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தோம். கப்பல் புறப்பட்ட காலையில் வாசகசாலையில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கிரேன்காரர் வர முடியவில்லை. அவர் அந்தக் கப்பலுக்குத்தான் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

முதல் கடிதம் ஆறு மாதம் கழித்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை வாசகசாலையில் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அவர் பிறந்த தெருவிலேயே ஒரு வீடு எடுத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவரை வேண்டாம் என்ற பள்ளிக்கூடத்துக்கு இப்போது ஒரு பெண் தலைமை ஆசிரியை. அவளே வீடு தேடி வந்து, தொழிற்சாலைப் பெண்களுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்கும்படி அழைத்திருக்கிறாள். நூலகத்தில் ரேடியோ வைத்திருக்கிறார்கள், கூட்டம் தாங்கவில்லை. படகுக்காரர்களின் பழைய வாசகசாலையில் ரங்கூன் படங்களைப் போட்டார். நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள். எழுபது வயதுப் படகுக்காரர் ஒருவர், சம்பான்காரர் கால் ஊன்றியிருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஆள் வற்றத்தை எதிர்த்துப் போகிறான்" என்றாராம்.

நான் வாசிப்பதை நிறுத்தி நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் படத்தை நான் எடுத்தது வற்ற நேரத்தில்.

"ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால உக்காந்துகிட்டு எப்படிச் சொல்லிட்டான் பாரு" என்றார் கிரேன்காரர். அவர் குரலில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் வெள்ளம். அந்தக் குளிர்காலத்தில் ஆறு ஏறிக் கீழ்த்தெருவில் நுழைந்துவிட்டது. ஜனங்கள் கட்டிலையும் கோழியையும் கடிகாரத்தையும் மாடிக்கு ஏற்றிவிட்டு அங்கேயே இருந்தார்கள். தொழிற்சாலைப் பெண்கள் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டார்கள். மூன்று நாள் சயாமாவும் இன்னும் நாலு பேரும் படகில் வீடு வீடாகப் போய் ஜன்னல் வழியாக ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கோயில் சுவரில் புதுக் கோடு வெட்டக் கல்தச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பகுதியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பிறகு பதில் எழுத உட்கார்ந்தோம். தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டதா என்று கிரேன்காரர் கேட்கச் சொன்னார். ஈரமான கட்டிலில் படுக்க வேண்டாம், சாம்பிராணி போட்டு வீட்டை உலர்த்தச் சொல்லுங்கள் என்றாள் என் மனைவி. அங்கே சாம்பிராணி கிடைக்குமா என்று ஒருவர் கேட்க, அதுவே பெரிய விவாதமாகிவிட்டது. பெயர் எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் பெருவிரல் ரேகை வைத்தார்கள். கடிதம் நான்கு பக்கம் வந்தது. ஒரு பொட்டலம் சாம்பிராணியையும் சேர்த்துக் கட்டி, மறுநாள் காலை ஸ்டூடியோவுக்குப் போகும் வழியில் தபாலாபீசில் கொடுத்தேன்.